சான்டா ஃபே பெருவழி: ஒரு கிளைச் சங்கம் என்னதான் செய்கிறது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிசூரியிலிருந்து நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே நகரத்துக்குச் சரக்கு வண்டிகள் போய்வந்த பாதைதான் சான்டா ஃபே பெருவழி. அமெரிக்க அரசு 1987 மே மாதம் அதைத் தேசிய வரலாற்றுப் பெருவழியாக அறிவித்தது. அறிவித்ததோடு சரி, நிலத்தை வாங்கவில்லை. மிசூரி, கான்சாஸ், ஒக்லஹோமா, கொலராடோ, நியூ மெக்சிகோ என்று ஐந்து மாநிலங்களில் சுமார் 1,200 மைல் நீளத்துக்குக் கிடக்கும் அந்தத் தடத்தில் பெரும்பகுதி தனியார் பட்டா நிலம். கோதுமை வயலும் மேய்ச்சல் நிலமும்தான் அதிகம். சட்டப்படி இதைப் பார்த்துக்கொள்ளும் தேசியப் பூங்காத் துறை, எந்த விவசாயியிடமும் போய் “இங்கே உழாதே” என்று சொல்ல முடியாது.

அப்படியானால் தடம் எப்படி மிஞ்சியிருக்கிறது? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். விடையில் பெரும்பங்கு சான்டா ஃபே பெருவழிச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகளுக்குப் போகிறது. அவற்றில் மேற்கு நடுக் கான்சாஸில் இயங்கும் ‘வெட்-டிரை ரூட்ஸ்’ கிளையை மையமாக எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துக் கிளைகளையும் சேர்த்துப் பார்க்கிறேன். தடத்தைக் காட்டும் அடையாளக் கல் நடுவது இவர்களுடைய வேலை என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். என் கணிப்பில், கல் கடைசியாக வருகிற சங்கதி. அதற்கு முன்னால் நடப்பதுதான் வேலை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தவரை சான்டா ஃபே நகரத்துக்கு அமெரிக்கச் சரக்கு போகக் கூடாது. மீறிப் போனவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். 1821-இல் மெக்சிகோ விடுதலை அடைந்ததும் அந்தத் தடை போயிற்று. கழுத்தளவு கடனில் இருந்த வில்லியம் பெக்னெல் என்பவர் அந்த ஆண்டு செப்டம்பரில் மிசூரியின் ஃபிராங்க்ளினிலிருந்து பொதி ஏற்றிய குதிரைகளுடன் கிளம்பி, நவம்பர் 16 அன்று சான்டா ஃபே போய்ச் சேர்ந்தார். மறுவருடமே வண்டிகளோடு போனார். மேற்கே போனது துணி, ஊசி, இரும்புச் சாமான். திரும்பி வந்தது வெள்ளி, கோவேறு கழுதை, தோல், கம்பளி. பெருவழி வணிகரான ஜோசையா கிரெக் தந்த கணக்கின்படி 1822-இல் 15,000 டாலராக இருந்த சரக்கு மதிப்பு 1843-இல் 4,50,000 டாலர் ஆனது. 1880 பிப்ரவரியில் சான்டா ஃபேவுக்கு ரயில் வந்தது. வண்டிகளுக்கு வேலை முடிந்தது.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓரிகன் பெருவழி போல இது குடியேறப் போனவர்களின் பாதையாகப் பிறந்ததல்ல. போனவர்கள் திரும்பி வந்தார்கள், மறுபடி போனார்கள். இரண்டு நாட்டு வணிகர்களும் புழங்கிய வியாபாரப் பாதை இது. கிளைகளின் வேலையைப் புரிந்துகொள்ள இது முக்கியம், பின்னால் வருகிறேன்.

முதல் கற்கள்

பெருவழியைக் குறித்துவைக்க வேண்டும் என்ற யோசனை இன்றைய சங்கத்துடையது அல்ல. ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ என்ற பெண்கள் அமைப்பு 1900-களின் தொடக்கத்திலேயே இதில் இறங்கியது. கான்சாஸ் சட்டமன்றம் 1,000 டாலர் ஒதுக்கியது. போதவில்லை. பள்ளிப் பிள்ளைகள் ஒரு சென்ட், இரண்டு சென்ட் என்று கொடுத்தார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில் கான்சாஸில் மட்டும் 90-க்கும் மேற்பட்ட சிவப்பு கிரானைட் கற்கள் நடப்பட்டன.

அந்தக் கல்லை ஒரு தடவை நிதானமாகப் படித்தால் நிறைய தெரியும். இடுப்பளவு உயரம். முகப்பில் ‘சான்டா ஃபே பெருவழி 1822–1872’ என்று இருக்கும். அதன் கீழே அமைப்பின் பெயர், கான்சாஸ் மாநிலம், 1906. பெக்னெல் போனது 1821, ரயில் சான்டா ஃபே சேர்ந்தது 1880. கல்லில் ஏன் வேறு ஆண்டுகள்? 1822, வண்டி முதன்முதலில் ஓடிய ஆண்டு. 1872, ரயில் பாதை கான்சாஸின் மேற்கு எல்லையைத் தொட்ட ஆண்டு. அதாவது கான்சாஸ்காரர்கள் தங்கள் மண்ணில் வண்டி உருண்ட காலத்தை மட்டும் எழுதிவைத்தார்கள். அடுத்த மாநிலத்தில் அதற்குப் பிறகும் எட்டு வருஷம் ஓடியதைப் பற்றி அந்தக் கல்லுக்குக் கவலையில்லை. உள்ளூர்ச் சங்கம் என்றாலே இப்படித்தான். அதன் பலமும் பலவீனமும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன.

இந்தக் கற்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல கற்கள் தடத்தின் மேலேயே நிற்கவில்லை. பள்ளிக்கூட வாசல், நீதிமன்றப் புல்வெளி என்று நாலு பேர் கண்ணில் படும் இடமாகப் பார்த்து நட்டார்கள். சாலையை அகலப்படுத்தியபோது சில கற்கள் நகர்ந்தன. ஆக, 1980-களில் புதுச் சங்கம் தொடங்கியபோது, கல் நிற்கும் இடத்தில்தான் தடம் ஓடியது என்று நம்ப வழியில்லை. தேடலை ஏறக்குறைய முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

புதுச் சங்கம் 1986-இல் கொலராடோவின் டிரினிடாட் நகரில் கூடிய ஒரு கருத்தரங்கில் பிறந்தது. நியூ மெக்சிகோ வரலாற்றாசிரியர் மார்க் சிம்மன்ஸ் முதல் தலைவர். ‘வேகன் டிராக்ஸ்’ என்ற காலாண்டிதழ் அந்த ஆண்டே தொடங்கிவிட்டது. அப்புறம் ஊர் ஊராகக் கிளைகள்: கான்சாஸ் நகரை ஒட்டி ‘மிசூரி ரிவர் அவுட்ஃபிட்டர்ஸ்’, மெக்ஃபர்சன், ரைஸ், பார்ட்டன் மாவட்டங்களில் ‘கிவீரா’, கொலராடோவின் லா ஹுன்டா பக்கம் ‘பென்ட்ஸ் ஃபோர்ட்’, சான்டா ஃபேயில் ‘எண்ட் ஆஃப் தி டிரெயில்’. வெட்-டிரை ரூட்ஸ் கிளைக்குக் கிடைத்தது பானி ராக், லார்னட், கின்ஸ்லி ஊர்களிலிருந்து ஃபோர்ட் டாட்ஜ் வரையிலான துண்டு.

இரண்டு வழி, ஒரு கிளை

கிளையின் பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடும். லார்னட்டுக்கு மேற்கே பெருவழி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ஆர்கன்சாஸ் ஆற்றங்கரையை ஒட்டியே வளைந்து போனது. அது ஈரவழி. இன்னொன்று ஆற்றின் வளைவைத் தவிர்த்து மேட்டு நிலத்தின் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அது வறண்டவழி. குறுக்குவழியில் தூரம் மிச்சம், ஆனால் ஓடைகள் வற்றிய காலத்தில் மாடுகளுக்குத் தண்ணீர் கிடைக்காது. வண்டித் தலைவன் ஒவ்வொரு பயணத்திலும் அந்தப் பிரிவில் நின்று எடுத்த முடிவு அதுதான்.

போதாததற்கு, 1859-இல் பானி ஃபோர்க் ஓடைக்கரையில் ஃபோர்ட் லார்னட் என்ற ராணுவ முகாம் வந்த பிறகு, அங்கே தொட்டுப் போகும் புதுக் கிளைவழிகள் முளைத்தன. ஆக இந்தக் கிளையின் பகுதியில் ‘பெருவழி எங்கே’ என்று கேட்டால், ‘எந்த ஆண்டின் பெருவழி’ என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

தடத்தைக் கண்டுபிடிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் கிளையின் உண்மையான திறமை தெரிகிறது.

முதல் ஆதாரம் பழைய நில அளவைக் குறிப்பு. 1860-களிலும் 1870-களிலும் அரசு இந்த நிலத்தை ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரங்களாக அளந்தது. அவற்றுக்கு ‘செக்‌ஷன்’ என்று பெயர். அளவையாளர்கள் 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு சதுரத்தின் கோட்டிலேயே நடந்தார்கள். 80 சங்கிலி ஒரு மைல். வழியில் ஓடை வந்தாலும் சாலை வந்தாலும் எத்தனையாவது சங்கிலியில் குறுக்கிடுகிறது என்று நோட்டில் எழுதினார்கள். அப்போது வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன, அதனால் அந்தக் குறிப்பு கண்ணால் கண்ட சாட்சி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கோட்டின் மேல் இருக்கும் புள்ளி மட்டுமே அளந்தது. சதுரத்துக்கு உள்ளே சாலை எப்படி வளைந்தது என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து படம் வரைந்தவர் இரண்டு புள்ளிகளையும் இணைத்து ஊகமாகப் போட்டிருப்பார். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நேராக வயலுக்குள் இறங்கினால் தடம் அங்கே இருக்கும் என்ற உறுதி இல்லை.

அதனால் இரண்டாவது ஆதாரம் தரைதான். உழாத மேய்ச்சல் நிலத்தில் வண்டித்தடம் இன்றும் தெரியும். இரண்டு சக்கரக் கோடுகளை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். கண்ணில் படுவது அகலமான, ஆழமில்லாத, புல் மூடிய பள்ளம். இரும்புப் பட்டை கட்டிய சக்கரங்களும் மாட்டுக் குளம்புகளும் புல்வேரை அறுத்துவிட்டன. அப்புறம் மழையும் காற்றும் அந்த இடத்து மண்ணை அரித்தன. ஒரு பள்ளத்தோடு நிற்காது, பக்கத்திலேயே இன்னொன்று, இன்னொன்று என்று இருக்கும். சேறான தடத்தைத் தவிர்த்து அடுத்த வண்டி ஒதுங்கிப் போனது ஒரு காரணம். தாக்குதல் பயம் இருந்த இடங்களில் வண்டிகள் நான்கு வரிசையாகப் பக்கம்பக்கமாகப் போனது இன்னொன்று. கிவீரா கிளையின் பகுதியில், ரைஸ் மாவட்டத்தில், உரிமையாளரின் பெயராலேயே ‘ரால்ஃப்ஸ் ரட்ஸ்’ என்று அழைக்கப்படும் இடம் இதற்கு நல்ல உதாரணம்.

நடுப்பகலில் போனால் ஒன்றும் தெரியாது. வெயில் சாய்ந்து நிழல் நீளும் நேரத்தில் பள்ளங்கள் எழுந்து நிற்கும். லேசாகப் பனி விழுந்த மறுநாளும் நல்லது, பள்ளத்தில் தங்கும் பனி மேட்டில் தங்காது. வானிலிருந்து எடுத்த படங்கள், லேசர் அளவைப் படங்கள் என்று வசதிகள் இப்போது கூடியிருக்கின்றன. இருந்தாலும், எந்தப் பள்ளம் வண்டித்தடம், எது மாடுகள் தண்ணீருக்குப் போன ஒற்றையடி, எது பழைய வாய்க்கால் என்று பிரித்துச் சொல்ல அந்த நிலத்தில் மாடு மேய்த்தவர் வேண்டும். கிளையின் உறுப்பினர்களில் விவசாயிகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கலந்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

கல்லுக்கு முன்னால்

அளவைக் கோடுகள் பிற்காலத்தில் சாலைகளாயின. கான்சாஸின் கிராமப்புற வரைபடத்தைப் பார்த்தால் மைலுக்கு ஒரு சாலை கட்டம் போட்டதுபோல் ஓடும். இதனால் கிளைக்கு ஒரு பெரிய வசதி கிடைத்தது. தடத்தின் இருப்பிடம் உறுதியாகத் தெரிவது கோட்டின் மேல். கோடு இப்போது பொதுச்சாலை. ஆக, மிக நம்பகமான புள்ளிகள் எல்லாம் பொது இடத்திலேயே அமைந்துவிட்டன. அங்கே அடையாளம் நட மாவட்டச் சாலைத்துறையின் சம்மதம் போதும், வயல்காரரின் வேலிக்குள் போக வேண்டியதில்லை. தேசியப் பூங்காத் துறையின் பழுப்புப் பலகைகளும் ‘மூல வழித்தடம்’ என்ற குறுக்கீட்டுப் பலகைகளும் இதே உத்தியில்தான் நிற்கின்றன.

வசதிக்கு ஒரு விலையும் உண்டு. சாலையோரம் என்றால் மண் அள்ளும் கிரேடரும் புல்வெட்டும் இயந்திரமும் வரும் இடம். பலகை சாய்கிறது, கல் உடைகிறது, சில சமயம் துப்பாக்கிக் குண்டுத் துளையோடு நிற்கிறது. அதனால் கிளையின் நாட்காட்டியில் புதிதாக நடுவதைவிடப் பழையதைப் போய்ப் பார்ப்பதற்கே அதிக நாள் போகும். கவர்ச்சியில்லாத வேலை. செய்யாமல் விட்டால் பத்து வருஷத்தில் பாதி போய்விடும்.

கிளை தேர்ந்தெடுத்த பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் மரம் குறைவு. அந்தக் காலத்து விவசாயிகள் வேலிக்கு மரக்கட்டை கிடைக்காமல் சுண்ணாம்புக்கல்லையே பிளந்து கல்லுக்காலாக நட்டார்கள். தரைக்குக் கொஞ்சம் கீழே ஒரே சீரான தடிமனில் ஓடும் படுகை அது. வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகிவிடும். வரிசையாகத் துளையிட்டு ஆப்பு வைத்துத் தட்டினால் நேராகப் பிளக்கும். ஆளுயரத் தூண் ஒன்று 100 முதல் 200 கிலோ வரை கனக்கும். வெட்-டிரை ரூட்ஸ் கிளை தன் அடையாளங்களுக்கு இந்தக் கல்தூணையே எடுத்துக்கொண்டது. கான்சாஸின் தென்மேற்கு மூலையில் உள்ள சிமரான் தேசியப் புல்வெளியிலும் 23 மைல் தடத்தை இப்படிச் சுண்ணாம்புக்கல் தூண்களால்தான் குறித்திருக்கிறார்கள். பொது நிலத்தில் இருக்கும் மிக நீண்ட துண்டு அது. பளபளக்கும் கிரானைட்டைவிட இது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். நிலத்திலிருந்து முளைத்தது போல நிற்கிறது, உள்ளூர்க்காரர் கண்ணுக்கு அந்நியமாகப் படுவதில்லை.

ஆனால் நல்ல பள்ளங்கள் சாலையோரத்தில் இல்லை, வேலிக்கு உள்ளே இருக்கின்றன. அங்கேதான் கிளையின் நுணுக்கமான வேலை. நில உரிமையாளர் விரும்பினால் தன் இடத்தைத் தேசியப் பூங்காத் துறையோடு சான்றளிப்பு ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். பணம் கிடையாது. உரிமையும் கைமாறாது. இஷ்டமில்லை என்றால் விலகிவிடலாம். காகிதத்தில் பார்த்தால் பல்லில்லாத ஒப்பந்தம். ஆனால் ‘அரசு நிலத்தைப் பிடுங்கப் பார்க்கிறது’ என்ற சந்தேகம் ஆழமாக ஊறிய ஊரில், பல் இருந்திருந்தால் ஒருவரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். சான்டா ஃபேயில் இருக்கும் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து கேட்பதும், தேவாலயத்தில் வாராவாரம் பார்க்கும் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து கேட்பதும் ஒன்றல்ல. கிளை இல்லையென்றால் இந்தத் திட்டம் வெறும் படிவமாகவே இருந்திருக்கும்.

கூட்டம், சாப்பாடு, மணிக்கணக்கு

கிளைகள் ஆண்டுக்குச் சில முறை கூடும். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவது, வரவு செலவு, ஒருவர் பேச்சு, அப்புறம் முடிந்தால் வண்டிகளில் ஏறி ஏதாவது ஒரு தடத்தைப் பார்க்கப் போவது. வெட்-டிரை ரூட்ஸ் கிளை இரண்டு வழிகளுக்கும் சொந்தமாகக் காரில் பார்த்துக்கொண்டு போகும் கையேட்டைத் தயாரித்தது. இரட்டைப்படை ஆண்டுகளில் சங்கத்தின் பெரிய கருத்தரங்கு ஏதாவது ஒரு மாநிலத்தில் நடக்கும். 2021-இல், பெருவழிக்கு 200 ஆண்டு நிறைந்தபோது லா ஹுன்டாவில் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் லார்னட்டில் ‘ராண்டிவூ’ என்ற கூடல். பிள்ளைகளுக்கு ‘ஜூனியர் வேகன் மாஸ்டர்’ என்று ஒரு செயல்நூல் திட்டமும் உண்டு.

இதில் வெளியாருக்கு விசித்திரமாகத் தெரியும் பழக்கம் ஒன்று உண்டு, மணிக்கணக்கு எழுதுவது. கல்லைச் சரிசெய்யப் போன நேரம், கட்டுரைக்காக நூலகத்தில் உட்கார்ந்த நேரம், கூட்டத்துக்குக் கார் ஓட்டிய நேரம், எல்லாவற்றையும் உறுப்பினர்கள் குறித்துக் கொடுக்க வேண்டும். ஆண்டுக் கடைசியில் நாட்டின் பெருவழிச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்த கூட்டமைப்பு இவற்றைத் தொகுத்து நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோகிறது. ‘நீங்கள் ஒதுக்கும் பணத்துக்கு எதிராக நாங்கள் போட்ட உழைப்பு இவ்வளவு’ என்று காட்டுவதற்கு. முனகாமல் எழுதுபவர்கள் குறைவு. இருந்தாலும் ஒரு சிறு ஊர்ச் சங்கத்தின் உழைப்பு பட்ஜெட் பேச்சில் ஏறுவதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் பழைய கல்வெட்டு தேடி அலையும் குழுக்கள் இந்த ஒன்றையாவது கடன் வாங்கலாம்.

யாருடைய பெருவழி?

முன்பு சொன்ன வியாபாரப் பாதை விஷயத்துக்கு வருகிறேன். 1906-ஆம் ஆண்டுக் கற்கள் நட்டவர்கள் மனத்தில் இருந்தது கிழக்கேயிருந்து போன முன்னோடிகள். ஆனால் 1840-களில் இந்த வணிகத்தின் பெரும்பங்கு நியூ மெக்சிகோ வணிகர்கள் கையில் இருந்தது. அந்தோனியோ ஹோசே சாவேஸ் என்ற நியூ மெக்சிகோ வணிகர் 1843-இல் இன்றைய ரைஸ் மாவட்டத்தில் கொள்ளையர்களால் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் மிசூரிக்காரர்கள், கூட்டத் தலைவன் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டான். ஆபத்து என்றால் அது பூர்வகுடிகளிடமிருந்துதான் வந்தது என்ற பழைய கதைக்கு இந்த ஒரு வழக்கு போதுமான பதில்.

பூர்வகுடிகளின் பக்கம் இன்னும் கனமானது. 1825-இல் கவுன்சில் குரோவில் ஓசேஜ் மக்களோடு வழிவிடும் ஒப்பந்தம் போட்டார்கள். அதே ஊரை ஒட்டி வாழ்ந்த கா மக்கள் 1873-இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வெட்-டிரை ரூட்ஸ் கிளையின் வாசலிலேயே இன்னொரு கதை. 1867 ஏப்ரலில் தளபதி ஹான்காக்கின் படை, ஃபோர்ட் லார்னட்டுக்கு மேற்கே பானி ஃபோர்க் கரையில் செயன், லக்கோட்டா மக்களின் ஊரைக் கொளுத்தியது. இருநூறுக்கும் மேற்பட்ட கூடாரங்கள் போயின. அந்தக் கோடை முழுக்கப் பெருவழியில் போர். இன்று சங்கத்தின் கருத்தரங்குகளிலும் இதழிலும் இவையெல்லாம் பேசப்படுகின்றன. சாலையோரத்துக் கல் மாற மட்டும் நாளாகிறது. கல்லில் இடம் குறைவு, வெட்டிய எழுத்தைத் திருத்தவும் முடியாது. புது விளக்கப் பலகைகள்தான் அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டும். என் பார்வையில் கிளைகள் இதில் இன்னும் வேகம் காட்டலாம். தடம் எத்தனையாவது சங்கிலியில் குறுக்கிட்டது என்பதற்குக் காட்டும் பிடிவாதத்தில் பாதியைக் காட்டினாலே போதும்.

பக்கத்திலேயே பானி ராக் குன்று ஒரு எச்சரிக்கையாக நிற்கிறது. வண்டிக்காரர்கள் தூரத்திலிருந்தே பார்த்து வழி பிடித்த மணற்பாறை அது. பேர் வெட்டாமல் போனவர்கள் குறைவு. பின்னால் ரயில்காரர்களும் குடியேறிகளும் கட்டடக் கல்லுக்காக அதையே உடைத்தெடுத்தார்கள், உயரம் குறைந்துவிட்டது. பெயர்கள் சுவரோடு போயின. கான்சாஸ் பெண்கள் அமைப்பு ஒன்று தலையிட்டு 1909-இல் மிச்சத்தை மாநில அரசிடம் ஒப்படைத்தது.

கிளைகளுக்கு இன்றுள்ள நெருக்கடிகளில் காற்றாலை, மின்கம்பி வழி, சரளைக் குழி எல்லாம் உண்டு. அவற்றையாவது முன்கூட்டி அறிவிப்பார்கள், ஆட்சேபம் எழுதலாம். சத்தமில்லாமல் வருவது வேறொன்று. சான்றளிப்பு ஒப்பந்தம் கையெழுத்துப் போட்ட உரிமையாளரை மட்டும்தான் தொடும். அவர் இறந்து பிள்ளைகள் நிலத்தை விற்றாலோ, வெளியூர் நிறுவனம் குத்தகைக்கு எடுத்தாலோ, புதிதாக வருபவருக்கு அந்தப் பள்ளம் டிராக்டரை ஆட்டும் மேடு பள்ளம் மட்டுமே. ஒரே ஒரு உழவில் அது போய்விடும், மறுபடி வராது. இதற்குக் கிளை கண்டிருக்கும் வழி மிகச் சாதாரணமானது. நிலம் கைமாறும் செய்தி காதில் விழுந்ததும் யாராவது ஒருவர் புது உரிமையாளர் வீட்டுக்குப் போய், வரைபடத்தை விரித்து, பேச்சை முதலிலிருந்து தொடங்க வேண்டும். போவதற்கு ஆள் இருக்கும் கிளைகளில் அது நடக்கிறது.